மூளை அலையும் பழகிய கண்ணும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளில் செய்யப்படும் மரச்சிற்பங்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 2021ஆம் ஆண்டில் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பியின் பட்டறையில் இருக்கும் உளிகள் நாமும் கடையில் வாங்கக் கூடியவைதாம். ஆனால் அந்த உளியை நம் கையில் கொடுத்து, ஒரு பிள்ளையார் செதுக்கச் சொன்னால் என்ன ஆகும்? மரம் வீணாகும், விரலும் வெட்டுப்படும். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆசானின் அருகில் இருந்து பல காலம் பழக வேண்டும்.

மருத்துவத்திலும் இப்படிப்பட்ட உளிகள் உண்டு. அவற்றுள் ஒன்று நியூரோஃபீட்பேக் எனப்படும் நரம்புப் பின்னூட்டப் பயிற்சி. மூளையின் மின் அலைகளைக் கணிப்பொறித் திரையில் காட்டி, அவற்றை மாற்றிக்கொள்ள மூளைக்கே கற்றுத்தரும் முறை இது. கருவியை யாரும் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் கருவி மட்டும் போதுமா? வாருங்கள், பார்ப்போம்.

ஜன்னலைப் பார்க்கும் சிறுவன்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன் மலை. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். (பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே.) அம்மலையில் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்வோம்.

பாடம் நடக்கும்போது அவன் அடிக்கடி வெறித்துப் பார்க்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. எழுதும்போது பாதி வாக்கியத்தில் கை நின்றுவிடுகிறது. "கவனம் இல்லாத பையன்" என்று எல்லாரும் சொல்லத் தொடங்குகிறார்கள். யாரோ ஒருவர், "நகரத்தில் மூளைக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். நாற்பது தடவை போனால் கவனம் வந்துவிடுமாம்" என்கிறார். பெற்றோர் கடன் வாங்கியாவது போகலாமா என்று யோசிக்கிறார்கள்.

இந்தச் சிறுவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் அவனிடம் மறுபடியும் வருவோம்.

மூளையின் மின்சாரம்

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பல செல்கள் ஒரே நேரத்தில் துடிக்கும்போது அதன் சாயல் தலையின் தோல்வரை எட்டுகிறது. அங்கே அதன் அளவு சுமார் 50 மைக்ரோ வோல்ட். நாம் டார்ச் விளக்கில் போடும் பேட்டரி 1.5 வோல்ட் அல்லவா? அதை முப்பதாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் 50 மைக்ரோ வோல்ட்!

மனித மூளையின் இந்த மின்சாரத்தை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர். 1924இல் பதிவு செய்தார், 1929இல்தான் வெளியிட்டார். அவருடைய முறையே இன்று இ.இ.ஜி. எனப்படுகிறது.

இந்த அலைகளை வேகத்தைக் கொண்டு பிரித்திருக்கிறார்கள். வினாடிக்கு 4 தடவைக்கும் குறைவாக ஏறி இறங்குபவை டெல்ட்டா அலைகள். ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாக வரும். 4 முதல் 8 வரை தீட்டா. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது வரும். 8 முதல் 13 வரை ஆல்ஃபா. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது பின்மண்டையில் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் 30 வரை பீட்டா. விழிப்போடு சுறுசுறுப்பாக இருக்கும்போது வரும்.

இந்த அலைகளை நாமே மாற்ற முடியுமா? 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒருவரைக் கண்ணை மூடி உட்கார வைத்தார். அவ்வப்போது மணி அடித்து, "இப்போது உம் மூளையில் ஆல்ஃபா இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். சொன்னது சரியா தவறா என்பதை உடனே தெரிவித்தார். முதல் நாள் பாதிதான் சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் அவ்வளவு சரியாக வரும். சில நாள்களில் பெரும்பாலும் சரியாகவே சொல்லத் தொடங்கினார்! 'சரி', 'தவறு' என்ற பதில்தான் அவருக்கு ஆசிரியர். அதையே பின்னூட்டம் என்கிறோம்.

நம் நாட்டிலும் அக்காலத்தில் இத்துறையில் ஆர்வம் இருந்தது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 1961இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தியானத்தில் இருந்தபோது வெளியிலிருந்து தூண்டியும் அந்த யோகிகளின் ஆல்ஃபா அலை கலையவில்லை என்று அதில் எழுதினார்கள்.

பூனைகள் கற்ற பாடம்

1960களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பாரி ஸ்டெர்மன் என்பவர் பூனைகளை ஆராய்ந்தார். பூனை அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும்போது வினாடிக்கு 12 முதல் 15 வரையிலான ஓர் அலை தோன்றுவதைக் கண்டார். அது தோன்றும்போதெல்லாம் பாலும் மாமிசச் சாறும் பரிசாகக் கொடுத்தார். பூனைகள் அந்த அலையை அடிக்கடி உண்டாக்கக் கற்றுக்கொண்டன.

பிறகு அவர் வேறு ஓர் ஆராய்ச்சிக்காக, ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனின் நச்சுத் தன்மையைப் பூனைகளிடம் சோதித்தார். அது வலிப்பை உண்டாக்கும் பொருள். அலைப் பயிற்சி பெற்றிருந்த பூனைகள் மற்றப் பூனைகளைவிட வலிப்பை நன்றாகத் தாக்குப்பிடித்தன! இதைக் கண்டபின் வலிப்பு நோயாளிகளுக்கும் அதே பயிற்சி தரப்பட்டது; 1972இல் முதல் முடிவு வெளியாயிற்று. 1970களின் நடுவில் ஜோயல் லூபர் என்பவர் கவனக்குறைவு உள்ள குழந்தைகளுக்கு இம்முறையைக் கொண்டுவந்தார்.

இன்று அந்தப் பயிற்சி இப்படி நடக்கிறது. குழந்தையின் தலையில் சிறு மின்வாய்கள் ஒட்டப்படுகின்றன. அவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைக் கருவி பெருக்கி, அலைகளாகப் பிரிக்கிறது. திரையில் ஒரு படகு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய அலை கூடினால் படகு ஓடும்; குறைந்தால் நிற்கும். எவ்வளவு கூடினால் ஓட வேண்டும் என்ற எல்லையை வைப்பவர் பயிற்சியாளர். எல்லை எளிதாக இருந்தால் மூளை எதையும் கற்காது. கடினமாக இருந்தால் குழந்தை சலித்துப் போகும். ஒவ்வொரு நாளும் குழந்தையின் முகத்தையும் அலையையும் பார்த்து அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி முப்பது, நாற்பது அமர்வுகள்.

அளவு நாடாவில் தொடங்கும் பாடம்

பயிற்சியாளர் முதலில் கற்க வேண்டியது, மின்வாயைச் சரியான இடத்தில் வைப்பது. இதற்கு உலகம் முழுவதும் ஒரே முறைதான்: 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 'பத்து–இருபது' முறை. அதை நீங்களே செய்து பார்க்கலாம்.

தையற்காரரின் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு நெற்றியோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. பின்மண்டையின் அடியில் தடவினால் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றுவரை உச்சந்தலை வழியாக அளந்து பாருங்கள். 35 செ.மீ. வந்தால், பாதியான 17.5 செ.மீ. இடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு ஒரு காதின் முன்புறப் பள்ளத்திலிருந்து மறு காதுவரை அளந்து, அதிலும் பாதியைக் காணுங்கள். இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம் தலையின் நடுப்புள்ளி. மற்ற இடங்களும் இப்படியே 10 அல்லது 20 சதவீதக் கணக்கில் வரும். தலை சிறியதோ பெரியதோ, கணக்கு மாறாது.

இடம் கண்டபின் தோலைத் துடைத்து, மின்கடத்தும் பசை வைத்து மின்வாயை ஒட்ட வேண்டும். மின்தடை 5,000 ஓமுக்குள் இருப்பது நல்லது. நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது: தலை நிறைய தேங்காய் எண்ணெய்! எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் இ.இ.ஜி. எடுக்கப் போகிறவரைத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள். வெயில் காலத்தில் வியர்வை இன்னொரு தொல்லை. அது அலையை மேலும் கீழுமாக மெதுவாக இழுத்துவிடும். அறையிலுள்ள மின்விசிறியும் விளக்கும் வினாடிக்கு 50 துடிப்பு வேகத்தில் தம் மின்சாரத்தையும் கலந்துவிடும்.

பொய் அலைகள்

இவை எல்லாவற்றையும் சரி செய்தாகிவிட்டது. திரையில் அலை ஓடுகிறது. அது மூளையின் அலைதானா?

நம் கண்விழி ஒரு சிறு பேட்டரி போன்றது. அதன் முன்பக்கம் நேர் மின்தன்மையும் பின்பக்கம் எதிர் மின்தன்மையும் கொண்டவை. கண் சிமிட்டும்போது முன்தலை மின்வாய்களில் ஒரு பெரிய மெதுவான மேடு விழுகிறது. பழகாதவர் அதை டெல்ட்டா அலை என்று எண்ணிவிடுவார். தாடையை இறுகக் கடித்தால் தசைகளின் மின்சாரம் வேகமான கிறுக்கலாக வந்து, பீட்டா அலை போலக் காட்சி தரும்.

இப்போது நம் படகு விளையாட்டுக்கு வாருங்கள். தீட்டாவைக் குறைத்துப் பீட்டாவைக் கூட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் கருவியை வைத்திருக்கிறார். குழந்தை ஆர்வத்தில் பல்லைக் கடிக்கிறது. கருவி அதைப் பீட்டா என்று எண்ணிப் படகை ஓட்டுகிறது. குழந்தைக்கு மகிழ்ச்சி, இன்னும் இறுகக் கடிக்கிறது. நாற்பது அமர்வுகள் முடிந்தபின் அது கற்றிருப்பது என்ன? கவனம் அல்ல, பல்லைக் கடிக்கும் பழக்கம்!

கருவிகளில் இத்தகைய பொய் அலைகளை விலக்கும் ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அவற்றை எங்கே எப்படி வைப்பது, எப்போது நம்பக்கூடாது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பழகியவர் படகைப் பார்ப்பதில்லை. கணிப்பொறி பிரித்துத் தரும் எண்களை மட்டும் நம்புவதுமில்லை. பிரிக்காத மூல அலையைப் பார்க்கிறார். அதே நேரத்தில் குழந்தையின் தாடையையும் இமையையும் பார்க்கிறார்.

உண்மையான அலையும் தவறாகப் படிக்கப்படலாம். அந்தச் சிறுவன் விடியும் முன்பே எழுந்து, மலைப் பாதையில் பேருந்தில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்தும் பயணம் செய்து நாற்காலியில் உட்காருகிறான். கண் சொக்குகிறது, தீட்டா கூடுகிறது. "தீட்டா மிகுதி, ஆகவே கவனக் கோளாறு" என்று எழுதிவிட்டால் அது எத்தனை பெரிய தவறு! அவனுக்கு வேண்டியது தூக்கம்.

வயதையும் பார்க்க வேண்டும். பின்மண்டையின் அலை மூன்று வயதில் வினாடிக்கு சுமார் 8 தடவை. பத்து வயதளவில் சுமார் 10. சிறு குழந்தைக்கு இயல்பான மெதுவான அலை, பெரியவருக்கு நோயின் அறிகுறியாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான பதிவுகளைப் பார்த்துப் பழகினால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

கவனம் இல்லையா, நினைவே இல்லையா?

வெறித்துப் பார்க்கும் குழந்தை பல காரணங்களால் அப்படி இருக்கலாம். காதில் சீழ் வடிந்து கேட்காமல் இருக்கலாம். கரும்பலகை எழுத்து தெரியாமல் இருக்கலாம். இரத்தச் சோகை இருக்கலாம். வீட்டை நினைத்து ஏங்கலாம். உண்மையிலேயே கவனக்குறைவு நோய் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அது ஒரு வகை வலிப்பு. கை கால் இழுக்காது. கீழே விழுவதும் இல்லை. சுமார் பத்து வினாடி நினைவு மட்டும் அறுந்து போகும். பிறகு எதுவும் நடக்காதது போலக் குழந்தை தொடர்ந்து எழுதும். ஒரு நாளில் பல தடவைகூட இப்படி வரலாம். இதன் அடையாளத்தை 1930களின் நடுவில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்போர் இ.இ.ஜி.யில் கண்டார்கள்: வினாடிக்கு மூன்று தடவை, ஒரு கூர்முனையும் ஓர் அலையும் மாறி மாறி, எழுதி வைத்தாற்போல வரும். குழந்தையைச் சில நிமிடங்கள் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தால் பெரும்பாலும் அது வெளிப்பட்டுவிடும்.

பழகிய கண்ணுக்கு இது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் மூல அலையைப் பார்க்காமல், எண்களை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? 'மெதுவான அலை அதிகம்' என்பது மட்டுமே. அவர் படகு விளையாட்டைத் தொடங்கிவிடுவார். மாதங்கள் கழியும், குடும்பத்தின் கூலியும் பேருந்துச் செலவும் கரையும். மாத்திரையால் பெரும்பாலும் அடக்கக்கூடிய அந்த நோயோ அப்படியே இருக்கும். ஓடைக் கல்லின் மேல் கால் வைக்கும் நேரத்தில், மரக்கிளையில் ஏறும் நேரத்தில் அந்தப் பத்து வினாடி வந்தால்? நினைக்கவே அச்சமாக இருக்கிறது அல்லவா?

பயன் எவ்வளவு?

நியூரோஃபீட்பேக் எல்லாருக்கும் பயன் தருமா? அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையுள்ள, கவனக்குறைவு நோய் கொண்ட சுமார் 140 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு உண்மையான பயிற்சி. மற்றப் பிரிவினருக்கு அவர்கள் மூளையோடு தொடர்பில்லாத, முன்பே பதிவான வேறோர் அலையைக் கொண்டு அதே விளையாட்டு. யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி தந்தவருக்கும் தெரியாது. முடிவு என்ன? இரு பிரிவினரும் முன்னேறினார்கள். ஆனால் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை!

வாரந்தோறும் ஒரு பெரியவர் அன்போடு கவனித்ததும், ஒழுங்காக உட்கார்ந்து பழகியதும், எதிர்பார்ப்பும் சேர்ந்து முன்னேற்றத்தைத் தந்திருக்கலாம். இதனால் இம்முறையை ஆராய்வது நின்றுவிடவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தலைக்காயம் பட்டவர்களுக்கு இப்பயிற்சியைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இதை எல்லா நோய்க்கும் மருந்து என்று யாராவது சொன்னால், அவர் இத்துறையைச் சரியாகப் படிக்கவில்லை என்று அறியுங்கள். "இது உங்கள் குழந்தைக்கு வேண்டியதில்லை" என்று சொல்லத் தெரிவதும் அனுபவத்தின் ஒரு பகுதியே.

பயிற்சியாளர் ஆவது எப்படி?

இத்துறையில் சான்றிதழ் தரும் அமைப்பு ஒன்று 1981இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் விதிகளைப் பாருங்கள். 36 மணி நேர வகுப்புப் பாடம். மூளையின் அமைப்பைப் பற்றிய தனிப் படிப்பு. மூத்த பயிற்சியாளர் ஒருவரோடு 25 மணி நேரக் கலந்துரையாடல். அவர் மேற்பார்வையில் 100 அமர்வுகள். அத்துடன், கற்பவர் தாமே நாற்காலியில் உட்கார்ந்து 10 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். பசை ஒட்டும் தலையின் அரிப்பும், படகு ஓடாதபோது வரும் சலிப்பும் அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு தேர்வு.

இதுவும் தொடக்கம்தான். நோயைக் கண்டறிய மருத்துவப் படிப்போ மருத்துவ உளவியல் படிப்போ வேண்டும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது பெற்றோரின் உரிமை.

மீண்டும் மலைப் பள்ளிக்கு

நம் சிறுவனுக்கு முதலில் என்ன செய்யலாம்? அதற்குக் கருவியே வேண்டாம். அவன் வெறிக்கும்போது பக்கத்தில் இருக்கும் நண்பன் பெயர் சொல்லி அழைத்து, தோளைத் தொட்டுப் பார்க்கலாம். பகற்கனவு காண்பவன் திடுக்கிட்டுத் திரும்புவான். அந்த வலிப்பு வந்தவன் திரும்ப மாட்டான். இமை துடிக்கலாம், உதடு அசையலாம். எத்தனை வினாடி, ஒரு நாளில் எத்தனை தடவை என்று குறித்து ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். கையில் சாவி கொடுப்பதும் கேலி செய்வதும் வேண்டாம்.

பள்ளிகளுக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்கும் மருத்துவக் குழுக்கள் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்குகின்றன. கண், காது, இரத்தச் சோகை, கற்றல் குறைபாடு எல்லாம் அவர்கள் பட்டியலில் உள்ளன. மேல் சிகிச்சைக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மலையடிவாரத்திற்கு அருகிலேயே இருக்கிறது. ஆசிரியர் குறித்துக் கொடுத்த அந்தச் சிறு தாள் மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், பாதி வேலை முடிந்தது எனலாம்.

மாணவர்களே! பிளஸ் டூ முடித்தபின் இ.இ.ஜி. தொழில்நுட்பம் படிக்கலாம், மருத்துவமோ உளவியலோ படிக்கலாம். மலையில் பிறந்த ஒருவர் அந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்தால், ஜன்னலைப் பார்க்கும் சிறுவனிடம் அவன் ஊர்ப் பேச்சிலேயே, "தம்பி, நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினாயா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கருவிக்குத் தெரியாது.